பொடி எழுத்திலிருந்து மதர்போர்டைப் படிப்பது

புதிதாக வாங்கிய எம்.2 எஸ்எஸ்டியை (மதர்போர்டிலேயே நேராகச் செருகும் சின்னச் சேமிப்பு அட்டை) இரண்டாவது ஸ்லாட்டில் செருகி, திருகைப் போட்டு, கணினியை ஆன் செய்தால் எஸ்எஸ்டி வந்துவிடுகிறது. நேற்றுவரை இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் காணோம். கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டுப் பார்ப்பார்கள், அங்கே நன்றாக ஓடும். போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டி வாரண்டிக்குத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். போர்டுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. அதன் விவரப் பக்கத்தில், ஹார்ட் டிஸ்க் கேபிள் செருகும் சாட்டா போர்ட்டுகளைப் பற்றிய வரிக்குக் கீழே, நட்சத்திரக் குறி போட்டுப் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் ஏதாவது இருந்தால் 5ஆம், 6ஆம் சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாது. டிஸ்க் கேபிளை 1ஆம் போர்ட்டுக்கு மாற்றினால் விஷயம் முடிந்தது.

மதர்போர்டின் விவரப் பக்கம் எழுதப்படும் விதமே அப்படி. மேலே தடித்த எழுத்தில் இருப்பது ஒவ்வொன்றும் தனித்தனியே எட்டக்கூடிய உச்சம். எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் கிடைக்குமா என்பது கீழே இருக்கும். கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் உட்காரலாம் என்பது உண்மைதான். ஒரு பந்திக்கு இருநூறு இலைதான் விழும். அதனால் போர்டின் பெயரையும் படத்தையும் விட்டுவிட்டு, நட்சத்திரக் குறிகளிலிருந்து மேல்நோக்கிப் படிப்பது நல்லது. அந்தக் குறிகள் ஏன் அங்கே இருக்கின்றன என்று பிடிபட்டால், மலிவான போர்டுக்கும் அதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள போர்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதும் பிடிபட்டுவிடும்.

லேன்களின் பங்கீடு

பிராசஸரிலிருந்து வெளியே வரும் பிசிஐஇ லேன்கள், அதாவது தரவு போய்வரும் பாதைகள், எண்ணி வைத்தவை. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் உட்காரும் ரைசன் 7000, 9000 வரிசைகளில் மொத்தம் 28. இதில் 4 லேன் சிப்செட் என்ற துணைச் சில்லோடு பேசுவதற்குப் போய்விடும். மிச்சம் 24: கிராபிக்ஸ் கார்டுக்கு 16, முதல் எம்.2 ஸ்லாட்டுக்கு 4, இன்னொரு எம்.2வுக்கோ வேறெதற்கோ 4. இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில், அதாவது 12, 13, 14ஆம் தலைமுறைகளில், கணக்கு இன்னும் சுருக்கம். கிராபிக்ஸுக்கு பிசிஐஇ 5.0 தலைமுறை வேகத்தில் 16, எஸ்எஸ்டிக்கு 4.0 வேகத்தில் 4, அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் அந்தச் சிப்செட்டில் தொங்குகிறது: மூன்றாவது எம்.2, சாட்டா போர்ட்டுகள், யூஎஸ்பியில் பெரும்பகுதி, நெட்வொர்க், வைஃபை, அடியில் இருக்கும் சின்ன ஸ்லாட்டுகள். சிப்செட்டையும் பிராசஸரையும் இணைப்பது ஒரே ஒரு குழாய். ஏஎம்5இல் அது 4.0 வேகத்தில் 4 லேன், நொடிக்குச் சுமார் 8 ஜிபி. இன்டெலின் பி660, பி760 போர்டுகளிலும் அதே அளவு. இசட்690, இசட்790 போர்டுகளில் அதைப் போல இரண்டு மடங்கு. பழைய ஏஎம்4இல் பி550 போர்டுக்கு 3.0 வேகத்தில் 4 லேன், ஆக 4 ஜிபி. ஒரு லேனுக்கு நொடிக்கு எவ்வளவு என்பதை மனதில் வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கையெல்லாம் நாமே போட்டுக்கொள்ளலாம்: 3.0 என்றால் சுமார் 1 ஜிபி, 4.0 என்றால் 2, 5.0 என்றால் 4.

இப்போது விவரப் பக்கத்துக்கு வருவோம். "எம்.2 ஸ்லாட் 3" என்று மேலே போட்டிருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது பிராசஸரிலிருந்து வருகிறதா, சிப்செட்டிலிருந்தா, எந்தத் தலைமுறை, எத்தனை லேன் என்று பாருங்கள். நொடிக்கு 7,000 எம்பி படிக்கும் எஸ்எஸ்டியை வாங்கி பி550 போர்டின் இரண்டாவது ஸ்லாட்டில் மாட்டினால் 3,500ஐத் தாண்டாது; அங்கே இருப்பது 3.0. சில போர்டுகளில் அந்த ஸ்லாட்டுக்கு 2 லேன்தான் கொடுத்திருப்பார்கள், அப்போது 1,700க்குள் அடங்கிவிடும். எஸ்எஸ்டி மேல் தப்பு இல்லை. விண்டோஸ் இருக்கும் வேகமான எஸ்எஸ்டி எப்போதும் சாக்கெட்டுக்கு மிக அருகில் உள்ள, பிராசஸரோடு நேராக இணைந்த ஸ்லாட்டில் இருக்கட்டும்.

சாட்டா வகை எம்.2 என்று ஒன்று உண்டு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், பெரும்பாலும் தங்க முனையில் இரண்டு வெட்டு இருக்கும். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றி மாட்டப் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். ஸ்லாட்டில் சரியாக உட்காரும், ஆனால் அந்த ஸ்லாட் என்விஎம்இ, அதாவது பிசிஐஇ லேனில் ஓடும் வகை, மட்டும் எடுப்பதாக இருந்தால் பயாஸில் (கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் மென்பொருள்) தெரியவே தெரியாது.

கிராபிக்ஸ் கார்டு செருகும் நீளமான எக்ஸ்16 ஸ்லாட்டிலும் இதே சங்கதி. நீளம் வேறு, உள்ளே இழுத்திருக்கும் லேன் வேறு. போர்டின் அடியில் இருக்கும் இரண்டாவது நீள ஸ்லாட்டில் பெரும்பாலும் 4 லேன்தான். மலிவான போர்டுகளில் 1 லேன் மட்டும் இருப்பதும் உண்டு. போர்டைத் திருப்பி, ஸ்லாட்டின் பின்பக்கச் சால்டர் புள்ளிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: முழு நீளத்துக்கும் புள்ளி இருந்தால் 16, கால் பாகத்தோடு நின்றுவிட்டால் 4. விலை உயர்ந்த ஏஎம்5 போர்டுகள் சிலவற்றில் வேறொரு கொடுக்கல் வாங்கல் நடக்கும். இரண்டாவது 5.0 எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டவுடன் கிராபிக்ஸ் ஸ்லாட் 16இலிருந்து 8 லேனுக்கு இறங்கிவிடும். எக்ஸ்870 சிப்செட் போர்டுகளில் யூஎஸ்பி4 கட்டாயம் என்பதால், சிலவற்றில் யூஎஸ்பி4உம் இரண்டாவது எம்.2வும் ஒரே 4 லேனைப் பங்கு போட்டுக்கொள்ளும். காசு கூடுதலாகக் கொடுத்தால் பொடி எழுத்து குறையும் என்று நினைக்க வேண்டாம், பல நேரம் கூடத்தான் செய்யும்.

போர்டு தரத் தயாராக இருந்தும் பிராசஸர் தராமல் போவதும் உண்டு. பி550 போர்டில் ரைசன் 5600 போட்டால் கிராபிக்ஸ் ஸ்லாட் 4.0, அதே போர்டில் 5600ஜி போட்டால் 3.0. ஏஎம்5இல் 8600ஜி, 8700ஜி பிராசஸர்கள் கிராபிக்ஸ் கார்டுக்கு 8 லேன்தான் விடும், 8500ஜி வெறும் 4. "பிறகு கிராபிக்ஸ் கார்டு போட்டுக்கொள்ளலாம்" என்று, உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ஜி வரிசையை வாங்குபவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு பக்கத்திலிருந்தும் குறுகும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டே 4 லேன் அகலம்தான்; 4.0 ஸ்லாட்டில் நொடிக்கு 8 ஜிபி கிடைக்கிற இடத்தில் பி450 போர்டின் 3.0 ஸ்லாட்டில் 4 ஜிபி. அதன் 4 ஜிபி நினைவகம் நிரம்பியவுடன் விளையாட்டு திக்கித் திணற ஆரம்பிக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 8 லேன், அதனால் பழைய போர்டிலும் அவ்வளவாகச் சேதாரம் இல்லை.

இன்டெலின் எச்610 சிப்செட் போர்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அது பரவலாக விற்ற மலிவு போர்டு. ராம் ஸ்லாட் இரண்டு. பிராசஸரில் எஸ்எஸ்டிக்கென்று இருக்கும் 4.0 லேன்களை இந்தச் சிப்செட் போர்டுகள் பயன்படுத்துவதில்லை; எம்.2 வருவது சிப்செட்டின் 3.0 லேனிலிருந்து. டிடிஆர்4 என்றால் 3200க்கு மேல் ஓடாது, 3600 ராம் வாங்கிப் போட்டாலும் 3200தான். இதெல்லாம் குறை என்று சொல்ல வரவில்லை. அலுவலகக் கணினிக்கும், பில் போடும் கணினிக்கும், ஐ5-12400 பிராசஸர் போட்டு ஒரு நடுத்தரக் கிராபிக்ஸ் கார்டு வைப்பதற்கும் இது போதும். பிரச்சினை அதில் ஐ7 போடும்போது வருகிறது. காரணம் லேன் இல்லை, மின்சாரம்.

125 ஆம்பியர்

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பிராசஸருக்கென்று வருவது 12 வோல்ட். பிராசஸருக்கு வேண்டியது ஏறக்குறைய 1.2 வோல்ட். 150 வாட் இழுக்கும் பிராசஸருக்கு 12 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் போதும். அதே 150 வாட்டை 1.2 வோல்ட்டில் கொடுக்க 125 ஆம்பியர் வேண்டும். வீட்டில் ஏசிக்குப் போடும் பவர் பிளக்கே 16 ஆம்பியர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த மாற்றத்தைச் செய்வது சாக்கெட்டின் இடப்பக்கமும் மேலேயும் நிற்கும் விஆர்எம். வரிசையாகத் தெரியும் சாம்பல் நிறச் சதுரக் கட்டிகள் சோக்குகள். அவற்றை ஒட்டிப் படுத்திருக்கும் கறுப்புச் சில்லுகள் மாஸ்ஃபெட்டுகள். சூடாவது முக்கியமாக இந்தச் சில்லுகள்தான். நல்ல போர்டில் அவற்றின் மேல் அலுமினியக் கட்டி இருக்கும், மலிவான போர்டில் மொட்டையாக இருக்கும்.

விஆர்எம்மின் ஒவ்வொரு கிளையும் ஒரு ஃபேஸ். "8+2+1 ஃபேஸ்" என்று போட்டிருந்தால் 8 பிராசஸர் கோர்களுக்கு, 2 உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்கோ எஸ்ஓசிக்கோ (பிராசஸரில் கோர் அல்லாத பகுதி), 1 உதிரி வேலைக்கு. இந்த எண்ணிக்கையை வைத்து மட்டும் போர்டை எடை போட முடியாது. 12+2 என்று எழுதியிருக்கும் போர்டில் கன்ட்ரோலர் 6 ஃபேஸை மட்டும் இயக்கி, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு மாஸ்ஃபெட்டுகளை இணையாகக் கட்டியிருக்கலாம். ஏமாற்று என்று சொல்ல முடியாது, சூடு இரண்டாகப் பிரிகிறது. ஆனால் இரண்டு மாஸ்ஃபெட்டையும் ஒன்றாக அடக்கி, தலா 50 ஆம்பியர் தாங்கும் டிஆர்மாஸ் சில்லுகளைக் கொண்ட 8 ஃபேஸ் போர்டு, மேல் ஒன்று கீழ் ஒன்று என்று தனித்தனி மாஸ்ஃபெட் வைத்த 10 ஃபேஸ் போர்டைவிடக் குளுமையாக ஓடலாம். விவரப் பக்கத்தில் "டிஆர்மாஸ்", "எஸ்பிஎஸ்" என்ற சொல்லும் பக்கத்தில் ஆம்பியர் எண்ணும் இருந்தால் நிறுவனம் சொல்லத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். "டிஜிட்டல் பவர்" என்று மட்டும் போட்டுவிட்டு எண்ணே இல்லையென்றால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிராசஸரின் பெட்டியில் 65 வாட் என்று இருப்பதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. ஐ5-12400 பிராசஸருக்கு அடிப்படை 65, டர்போவில் 117 வாட் வரை. ஐ7-13700உம் 65 வாட் என்றுதான் சொல்லிக்கொள்ளும், டர்போவில் 219. ஏஎம்டியில் கணக்கு எளிது, டிடிபியை (பெட்டியில் போட்ட வாட்) 1.35ஆல் பெருக்கினால் உண்மையில் இழுக்கும் உச்சம்: 65 என்றால் 88, 105 என்றால் 142, 170 என்றால் 230.

மொட்டை விஆர்எம் வைத்த போர்டில் 13700 போட்டால் என்ன ஆகும்? உடனே எரியாது. வீடியோ ரெண்டர் போட்ட முதல் ஒரு நிமிடம் பிரமாதமாக ஓடும். பிறகு 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் இருந்த வேகம் திடீரென்று பாதிக்கும் கீழே விழும், சற்று ஏறும், மறுபடி விழும். பிராசஸர் வெப்பம் 60 டிகிரிதான் காட்டும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. விண்டோஸைத் திருப்பிப் போடுவார்கள், வைரஸ் என்பார்கள். எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து விஆர்எம் வெப்பநிலை வரியையும், பிராசஸர் வேகம் எதனால் கட்டுப்படுகிறது என்று காட்டும் வரிகளையும் பாருங்கள். அங்கே விஆர் தெர்மல் என்ற வரியில் "ஆம்" என்று வந்தால் குற்றவாளி அகப்பட்டான். பயாஸில் பவர் லிமிட்டை 90, 100 வாட் என்று கட்டிவிட்டால் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் சீராக ஓடும்.

இதில் ஒரு வேடிக்கை. பிராசஸரோடு இலவசமாக வரும் கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதும். அந்தக் காற்று போர்டில் பட்டுத் தெறித்து விஆர்எம்மையும் குளிர்விக்கும். "நல்ல கூலர் போடுகிறேன்" என்று லிக்விட் கூலர் மாட்டினால் பிராசஸர் குளிரும், விஆர்எம் பக்கம் காற்றே இருக்காது. சித்திரை வெயிலில் அறைக்குள்ளேயே 36, 38 டிகிரி இருக்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. கேபினெட்டின் பின்பக்க விசிறியை விஆர்எம் உயரத்தில் வைத்து வெளியே இழுக்க விடுங்கள்.

போர்டின் இடப்பக்க மேல் மூலையில் பிராசஸருக்கான 8 பின் சாக்கெட் இருக்கும். இதற்கு வரும் கேபிள் 4+4 ஆகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கான கேபிள் 6+2 ஆகப் பிரியும். இரண்டிலும் 8 கம்பி இருந்தாலும் 12 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறி இருக்கும். முனையின் வடிவம் தடுக்கும், தடுத்தும் அமுக்கிச் செருகுபவர்கள் இருக்கிறார்கள். அதைவிட ஆபத்து, மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது பழைய கேபிளையே விட்டுவிடுவது. போர்டுப் பக்க முனை எல்லோருக்கும் ஒன்று, எஸ்எம்பிஎஸ் பக்க முனை நிறுவனத்துக்கு நிறுவனம், சில நேரம் மாடலுக்கு மாடல் வேறு. பொருந்துகிறது என்பதற்காக மாட்டினால் ஹார்ட் டிஸ்க்கில் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போகலாம்.

ராம்: எந்தத் துளையில்

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ராம் போடுவதென்றால் பிராசஸரிலிருந்து எண்ணி 2ஆவதிலும் 4ஆவதிலும் போட வேண்டும். போர்டில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும். 1, 2 என்று பக்கத்துப் பக்கத்தில் போட்டால் கணினி ஓடும், ஆனால் ஒற்றைச் சேனலில். உள்ளமைந்த கிராபிக்ஸை நம்பி ஓடும் கணினியில் இது பளிச்சென்று தெரியும். 1, 3இல் போட்டாலும் இரட்டைச் சேனல் வரும், ஆனால் பெரும்பாலான போர்டுகளில் தடங்கள் கடைசி ஸ்லாட்டில் முடியும்படி இழுத்திருப்பதால், காலியாக விட்ட கடைசித் துண்டு சிக்னலை எதிரொலிக்கும். வேகத்தைக் கூட்டும்போது தடுமாறும்.

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின், வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். எல்ஜிஏ1700 போர்டுகள் ஒரே பெயரில் இரண்டு வகையாகவும் வந்தன. பெயரின் வாலில் "டி4" என்று இருந்தால் டிடிஆர்4. பில் போடும் முன் அந்த வாலைப் பாருங்கள்.

"6000 பிளஸ்", "7200 ஓசி" என்று போர்டு சொல்லும் ராம் வேகம் இரண்டு குச்சிக்கு மட்டும். நான்கு போட்டால் கதை வேறு. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் இரண்டு குச்சிக்கு 5200, நான்கு குச்சிக்கு 3600. "இப்போதைக்கு 16இல் இரண்டு, பிறகு இன்னும் இரண்டு" என்ற திட்டம் டிடிஆர்4இல் சரிப்பட்டு வந்தது, டிடிஆர்5இல் வராது. 64 ஜிபி வேண்டுமென்றால் முதலிலேயே 32இல் இரண்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம். இதை ஒப்புக்கொண்டுவிட்டால் ஏஎம்5இல் நான்கு ஸ்லாட் போர்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கவும் வேண்டாம்.

ராம் வாங்கிப் போட்டதும் 6000இல் ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். டிடிஆர்5 4800இலோ அதன் பக்கத்திலோ ஓடும், டிடிஆர்4 2133, 2400 என்று ஓடும். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்பதை ஆன் செய்தால்தான் பெட்டியில் போட்ட வேகம் வரும். ஏஎம்5 போர்டில் புது ராம் போட்டு முதல்முறை ஆன் செய்யும்போது திரை கறுப்பாகவே சில நிமிடங்கள் இருக்கும். போர்டு ராமின் நேரக் கணக்குகளைப் பயின்றுகொண்டிருக்கிறது. அதற்குள் பவரை அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகியும் போர்டில் ராமுக்கென்று இருக்கும் டிராம் விளக்கு அணையவில்லையென்றால் மட்டும் ஒரு குச்சியை எடுத்துவிட்டு, 2ஆம் ஸ்லாட்டில் ஒற்றைக் குச்சியோடு முயலுங்கள். ஸ்லாட்டில் ஒரு பக்கம் மட்டும் பூட்டு இருக்கும் போர்டுகளில் பூட்டில்லாத முனை அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கிறது. "டிஸ்ப்ளே வரல" என்று வரும் கணினிகளில் முதலில் அமுக்கிப் பார்க்க வேண்டிய இடம் அது.

போர்ட்டுகளும் ஹெடர்களும்

பின்பக்கத்தில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறது என்பதால் அதில் படம் வரும் என்று இல்லை. படம் பிராசஸரிலிருந்து வர வேண்டும். இன்டெலில் பெயர் "எஃப்" என்று முடிந்தாலும், ரைசன் 5600, 7500எஃப் போன்றவற்றிலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, அந்தத் துளை வெறும் துளைதான். மலிவான போர்டில் எச்டிஎம்ஐ 1.4 என்று போட்டிருந்தால் 4கே திரையில் நொடிக்கு 30 சட்டகம்தான் வரும். சுட்டியை நகர்த்தினாலே இழுவை தெரியும்.

யூஎஸ்பி பெயர்கள் வேண்டுமென்றே குழப்பியவை போல இருக்கும். 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் ஒன்றே, 5 ஜிபிபிஎஸ். ஜென் 2 என்றால் 10, ஜென் 2எக்ஸ்2 என்றால் 20. பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பாருங்கள். கேபினெட்டின் முன்பக்கம் டைப்-சி இருந்தால் போர்டில் அதற்கென்று தனி ஹெடர் (கேபிள் செருகும் முனை) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பல மலிவு போர்டுகளில் இருக்காது. 19 பின் யூஎஸ்பி 3 ஹெடரிலிருந்து தடித்த கேபிளைக் கழற்றும்போது நேராக மேலே இழுக்க வேண்டும். ஆட்டி ஆட்டி இழுத்தால் பிளாஸ்டிக் கூடு கையோடு வந்துவிடும், பின்கள் நிர்வாணமாக நிற்கும்.

விளக்கு மாட்டும் ஹெடர் இரண்டு வகை. 3 பின் என்றால் 5 வோல்ட், 4 பின் என்றால் 12 வோல்ட். 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட்டில் வளைத்துச் செருகினால் விளக்கு போகும், சமயத்தில் அந்த ஹெடரும் சேர்ந்து போகும். விசிறி ஹெடர் பொதுவாக 1 ஆம்பியர், அதாவது 12 வாட். ஸ்பிளிட்டர் போட்டு நான்கைந்து விசிறியைத் தொங்கவிடும் முன் ஒவ்வொன்றின் ஆம்பியரையும் கூட்டிப் பாருங்கள்.

"மிலிட்டரி கிரேட்", "கேமிங் ஆடியோ", "அல்ட்ரா டியூரபிள்" போன்ற வரிகளைப் படிக்காமலே தாண்டலாம். ஆடியோ சில்லின் எண் மட்டும் பயன்படும்: ஏஎல்சி897 என்றால் சாதாரணம், ஏஎல்சி1220, ஏஎல்சி4080 என்றால் மேல். நல்ல ஹெட்போன் வைத்திருப்பவர் எப்படியும் தனி டிஏசி (ஒலிக்கான வெளிக் கருவி) வாங்கிவிடுவார், மற்றவருக்கு 897 போதும்.

பயாஸ்

சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதாது, போர்டில் இருக்கும் பயாஸுக்கும் அந்தப் பிராசஸரைத் தெரிந்திருக்க வேண்டும். கடையில் நாள்பட்டுக் கிடந்த பி650 பெட்டியில் ரைசன் 9600எக்ஸ் போட்டால் விசிறி சுற்றும், படம் வராது. நிறுவனத் தளத்தில் "சிபியு சப்போர்ட்" பட்டியலில் உங்கள் பிராசஸருக்கு நேரே எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து என்று இருக்கும். பெட்டியிலோ போர்டிலோ ஒட்டிய பதிப்பு எண் அதற்குக் கீழே இருந்தால், பயாஸ் ஃபிளாஷ் பட்டன் உள்ள போர்டா என்று பாருங்கள். இருந்தால் பிராசஸர், ராம் இல்லாமலே பயாஸைப் புதுப்பித்துவிடலாம். சின்னப் பென் டிரைவை எஃப்ஏடி32இல் ஃபார்மட் செய்து, இறக்கிய ஜிப்பை விரித்து, உள்ளே இருக்கும் கோப்பைக் கையேட்டில் சொன்ன பெயருக்கு மாற்றிப் போடுங்கள். 24 பின், 8 பின் இரண்டையும் மாட்டி, பின்பக்கம் அடையாளமிட்ட அந்த ஒரு யூஎஸ்பி துளையில் செருகிப் பட்டனை அமுக்குங்கள். விளக்கு மின்னிக்கொண்டே இருக்க வேண்டும், நிற்கும் வரை தொடக் கூடாது. சில நொடியில் நின்றுவிட்டால் பெயர் தப்பு, அல்லது ஃபார்மட் தப்பு, அல்லது ஜிப்பை விரிக்கவில்லை. யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் கை வைக்காதீர்கள்.

இன்னொரு இடறல், ஒரே பெயரில் பல போர்டுகள். வைஃபை உள்ளது, இல்லாதது, டி4, ரிவிஷன் 1.0, 1.2 என்று ஒவ்வொன்றுக்கும் பயாஸ் தனி. ரிவிஷன் மாறும்போது நெட்வொர்க் சில்லோ மாஸ்ஃபெட்டோ சத்தமில்லாமல் மாறியிருக்கவும் கூடும். பழைய ரிவிஷனுக்கு எழுதிய விமர்சனத்தைப் படித்துப் புதிய ரிவிஷனை வாங்குவது இப்படித்தான் நடக்கிறது. எண் போர்டின் ஓர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும்.

"ஓடுகிற பயாஸைத் தொடாதே" என்பது பழைய அறிவுரை. இரண்டு இடத்தில் அதை மீறியே ஆக வேண்டும். இன்டெல் 13, 14ஆம் தலைமுறையின் பெரிய டெஸ்க்டாப் பிராசஸர்கள் அதிக வோல்ட்டேஜால் மெல்ல மெல்லக் கெட்டதற்கான திருத்தம் 2024 ஆகஸ்டிலிருந்து பயாஸ் வழியாக வந்தது. ஏற்கெனவே கெட்டுப்போனதை அது சரிசெய்யாது, இனிக் கெடாமல் பார்த்துக்கொள்ளும். 2023இல் ரைசன் 7800எக்ஸ்3டி போன்றவை சாக்கெட்டோடு கருகிய பிறகு எஸ்ஓசி வோல்ட்டேஜை 1.3க்குள் கட்டிய பயாஸ் வந்தது. இந்தப் பிராசஸர்கள் பழைய பயாஸில் ஓடிக்கொண்டிருந்தால் இன்றே மாற்றுங்கள்.

மாற்றும் முன் விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். பயாஸ் மாறியதும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியின் உள்ளே இருக்கும் சாவி பொருந்தாமல் போய், 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும். எக்ஸ்எம்பி, விசிறி வேகம், பவர் லிமிட் எல்லாம் பழைய நிலைக்குப் போயிருக்கும், திரும்ப வைக்க வேண்டும். இன்டெல் போர்டில் எஸ்எஸ்டிகளைக் கையாளும் விஎம்டி என்ற அமைப்பு மாறியிருந்தால் விண்டோஸ் ஏறாமல் நீலத் திரையில் நிற்கும். அதை முன்பிருந்தபடி மாற்றினால் ஏறிவிடும். விண்டோஸ் 11க்காக சிஎஸ்எம்மை (பழைய முறையில் பூட் செய்ய விடும் அமைப்பு) அணைத்தவுடன் பழைய டிஸ்க் காணாமல் போனால், அந்த டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பகிர்வு வகை; ஜிபிடி என்ற புதிய வகைக்கு மாற்றிவிட்டு அணைக்க வேண்டும்.

கேபினெட்டில் ஏற்றும் முன்

போர்டின் அளவுகள்: ஏடிஎக்ஸ் 305 × 244 மி.மீ, மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244, மினி ஐடிஎக்ஸ் 170 × 170. மலிவான மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுகள் பல அகலத்தில் இன்னும் குறைவு. அவற்றின் வலது ஓரத்துக்குக் கீழே ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் குட்டைத் தூண்) வராது, அந்தரத்தில் நிற்கும். 24 பின் கேபிளை அமுக்கும்போது போர்டு வில்லாக வளையும்; அடியில் விரலைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு அமுக்குங்கள். பழைய போர்டுக்குப் போட்ட ஸ்டாண்டாஃப் ஒன்று துளையில்லாத இடத்தில் மிச்சமிருந்தால் போர்டின் அடியைத் தொட்டு ஷார்ட் ஆக்கும், எண்ணிப் பார்த்துக் கழற்றிவிடுங்கள்.

முதலில் போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து, பிராசஸர், கூலர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் மாட்டிப் பாருங்கள். பவர் பட்டன் இல்லாவிட்டால் முன்பேனல் ஹெடரில் பவர் என்று குறித்த இரண்டு பின்களை ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் போதும். சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு விளக்கு இருக்கும் போர்டில் எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. சிஎம்ஓஎஸ் அழிப்பதென்றால், அதாவது பயாஸ் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோவதென்றால், பவர் கம்பியைப் பிடுங்கிவிட்டுத்தான்.

எல்ஜிஏ சாக்கெட்டில் பின்கள் போர்டில் இருக்கின்றன. ஏஎம்5இல் 1,718, எல்ஜிஏ1700இல் 1,700, ஒவ்வொன்றும் தலைமுடி போல. கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி, பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி, கைபேசி வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நேராக இருந்தால் வரிசை முழுக்க ஒரே மாதிரி மின்னும், வளைந்த பின் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தனித்துத் தெரியும். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடையாது, வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். எம்.2 திருகும் அதன் சின்னத் தூணும் பொட்டலத்தில் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். பிராசஸரை மாட்டிய பிறகு அந்தக் கறுப்பு மூடியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நாளை வாரண்டிக்குக் கொண்டுபோனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.